சுகரோடு டைவ் மாஸ்டர் ஆவது எப்படி: சேலத்திலிருந்து கடலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சுகர் இருப்பவர்கள் ஸ்கூபா டைவிங் செய்யலாமா என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது: நிபந்தனைகளோடு செய்யலாம். நான் எழுதப்போவது அதற்கு அடுத்த கேள்வியைப் பற்றி. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய் அவர்களைப் பத்திரமாக மேலே கொண்டுவரும் டைவ் மாஸ்டர் பொறுப்பை, இன்சுலின் போடுகிற ஒருவர் ஏற்கலாமா? ஏற்பதென்றால் என்னென்ன செய்துவிட்டு ஏற்க வேண்டும்?

நானும் இன்சுலின் போடுகிறவன்தான், சேலத்துக்காரன். நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று 200 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் புதுச்சேரி, அதைவிட்டால் அந்தமான், லட்சத்தீவு, கர்நாடகத்தில் முருடேஸ்வர் பக்கம் நேத்ராணித் தீவு. இருந்தாலும் நம் ஊரிலிருந்து டைவிங் கற்றுக்கொண்டு அதிலேயே மேலே போக நினைக்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள், அவர்களில் சுகர் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகர் உள்ள டைவருக்கான விதிகள் எல்லாமே, அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு ஜோடி டைவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நீங்கள் தலைவராகப் போகும்போது எல்லாரையும் நீங்கள் கவனிக்கிறீர்கள், உங்களைக் கவனிக்க யாரும் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பதுதான் முழு வேலையும். கீழே வருகிற ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: தலைவராவதற்கு முன்னால், விதிக்குள் நிற்கிற டைவராக இருங்கள்

பிரிட்டனில் பி.எஸ்.ஏ.சி. என்ற டைவிங் அமைப்பு 1975இல் இன்சுலின் போடுபவர்கள் டைவ் செய்யவே கூடாது என்று தடை போட்டது, 1991இல் கட்டுப்பாடுகளோடு அதை நீக்கியது. அப்புறம் 2005இல் டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பும் கடலடி மருத்துவச் சங்கமும் அமெரிக்காவில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வழிமுறையை வகுத்தன. இன்று உலகம் முழுக்க டாக்டர்கள் எடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

அதன்படி 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இன்சுலின் தொடங்கி 1 வருடம் ஆகியிருக்க வேண்டும், மாத்திரை என்றால் தொடங்கியோ மாற்றியோ 3 மாதம். கடந்த 1 வருடத்தில், மற்றொருவர் வந்து கைகொடுத்துக் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு லோ சுகரோ ஹை சுகரோ வந்திருக்கக் கூடாது. சுகர் இறங்குவதே தெரியாமல் போகிற ஆளாக இருந்தால் டைவிங்கே வேண்டாம். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருக்கக் கூடாது, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இதயத்தில் வெளியே தெரியாத அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டைவ் செய்வதற்கும் எல்லை உண்டு: 30 மீட்டருக்குக் கீழே வேண்டாம், 60 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கட்டாயமாக நின்று நின்று ஏற வேண்டிய டைவ் வேண்டாம், குகைக்குள்ளோ மூழ்கிய கப்பலுக்குள்ளோ நுழைய வேண்டாம். ஜோடி டைவருக்குச் சுகர் இருக்கக் கூடாது, உங்களுக்குச் சுகர் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காக டைவ் செய்பவருக்கு எழுதியது. தலைவருக்கு இதுதான் அடித்தளம், இதற்கு மேல்தான் கட்ட வேண்டும். இந்த எல்லைகளுக்குள் தவறாமல் டைவ் செய்து லாக் புக்கில் எழுதிய பழக்கம் கைவராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். டைவிங் பயிற்சியும் சான்றிதழும் தரும் பாடி (PADI) அமைப்பின் டைவ் மாஸ்டர் கோர்ஸில் சேரவே ரெஸ்க்யூ டைவர் சான்றிதழும் 40 டைவும் வேண்டும், முடிக்கும்போது 60. சுகர் உள்ளவர்கள் அந்த 40ஐ சேர்வதற்கான குறைந்தபட்ச எண்ணாக மட்டும் பார்க்காமல், தன் சுகர் தண்ணீருக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று படித்த 40 பாடங்களாக வைத்துக்கொண்டால் நல்லது.

படி 2: டாக்டரிடம் போகும்போது கேள்வியோடு போங்கள்

சேலத்தில் நல்ல சுகர் டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்தவருக்குக்கூட டைவிங் பற்றிக் கேட்டு வந்த முதல் ஆளாக நீங்கள் இருக்கலாம். "டாக்டர், நான் டைவிங் போகலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "எதுக்குங்க ரிஸ்க்?" என்றுதான் பதில் வரும், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டைவிங் மருத்துவப் படிவத்தையும் 2005 வழிமுறையையும் அச்செடுத்துக்கொண்டு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், இப்படிக் கேளுங்கள்: ஒரு மணி நேரம் மிதமான உடற்பயிற்சி, நடுவில் எதுவும் சாப்பிட முடியாது, ஒரே நாளில் இரண்டு முறை, முதல் நாள் இரவு டோஸை எவ்வளவு குறைக்கலாம்? என் சுகர் 150க்கு மேல் நிலையாக இருக்கும்படி காலை மருந்தை எப்படி மாற்றுவது? கண்ணின் விழித்திரை எந்த நிலையில் இருக்கிறது? காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. டைவ் முடித்து ஒருவருக்குக் கால் மரத்துப்போனால் அது டீகம்ப்ரஷன் நோயாக (ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், மேலே ஏறும்போது குமிழியாவதால் வருவது) இருக்கலாம். ஏற்கெனவே சுகரால் கால் மரத்திருந்தால் எது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மாத்திரை போடுகிறவர்கள் எந்த மாத்திரை என்று கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் ஒரேயடியாக இறங்கும் ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை என்றால் இன்சுலின் போலவே இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகை உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும், சுகர் எண் நன்றாக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறவும் வாய்ப்பு உண்டு. கடலில் தண்ணீர்ச்சத்து குறைவது டீகம்ப்ரஷன் நோய்க்கும் வழி வைக்கும் என்பதால் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

டைவ் மாஸ்டர் கோர்ஸுக்கு 12 மாதத்துக்குள் டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்று வேண்டும். வருடா வருடம் இந்தச் சோதனைகள் எல்லாம் மறுபடி செய்ய வேண்டும். படிவத்தில் சுகர் கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு உள்ளே நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். தனக்காக மட்டும் டைவ் செய்கிறவர் அப்படிச் செய்தாலே தவறு, மற்றவர் உயிரைக் கையில் வாங்கப்போகிறவர் செய்தால் அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

படி 3: ஏற்காடு மலையில் உங்கள் உடம்பைப் படியுங்கள்

கடல் 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் நமக்கு மலை வீட்டு வாசலில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். விடியற்காலையில் சைக்கிளிலோ நடந்தோ துணையோடு ஏறுங்கள். கிளம்ப 60 நிமிடம் முன்பு, 30 நிமிடம் முன்பு, கிளம்பும்போது என்று மூன்று முறை சுகர் பாருங்கள், ஒரு மணி நேரம் ஏறியதும் நின்று பாருங்கள், வீடு திரும்பிய பிறகு ராத்திரி வரைக்கும் பாருங்கள். எந்தக் காலைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது நாலைந்து வாரத்தில் ஒரு ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்துவிடும். எனக்கு இட்லி சாப்பிட்டால் ஒரு மாதிரி, கேழ்வரகுக் களி என்றால் வேறு மாதிரி. ஜவ்வரிசி எதுவாக இருந்தாலும் சர்ரென்று ஏற்றிவிட்டு அதே வேகத்தில் காலை வாரிவிடும். நம்ம ஊர் ஜவ்வரிசியைப் பற்றி இப்படிச் சொல்வது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் டைவ் நாள் காலையில் அது வேண்டாம்.

மலையில் கற்க வேண்டிய இன்னொன்று, லோ சுகரின் முதல் அறிகுறி உங்களுக்கு எது என்பது. வியர்வை, கை நடுக்கம், குழப்பம் என்று எல்லாரும் சொல்வார்கள். தண்ணீருக்குள் வியர்வை தெரியாது. நடுக்கம் வந்தால் குளிர் என்று நினைப்போம், குழப்பம் வந்தால் ஆழத்தில் வரும் நைட்ரஜன் மயக்கம் என்று நினைப்போம். ஆகவே இவை மூன்றையும் விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கண்டுபிடித்துவைக்க வேண்டும். எனக்கு முதலில் வருவது இதுதான்: காற்று மீட்டரைப் பார்ப்பேன், பார்த்த எண் மனதில் நிற்காது, உடனே மறுபடி பார்ப்பேன். மலையிலும் வாட்சை இப்படித்தான் இரண்டு முறை பார்ப்பேன். இரண்டாவது முறை பார்க்கிறேன் என்று தெரிந்த அந்த நொடியில் டைவ் முடிந்தது, யோசிக்க அதில் எதுவும் இல்லை.

ரெஸ்க்யூ பயிற்சியையும் இதே கணக்கில் செய்யுங்கள். டைவ் மாஸ்டர் தேர்வில் 400 மீட்டர் நீச்சல், 800 மீட்டர் ஸ்நார்கல் நீச்சல், 15 நிமிடம் மிதப்பது, களைத்த டைவரை 100 மீட்டர் இழுத்து வருவது எல்லாம் உண்டு. நீச்சல் குளத்தில் ஒருவரை 100 மீட்டர் இழுத்துவிட்டு உடனே சுகர் பாருங்கள். நிஜ ஆபத்தில் மற்றவரைக் காப்பாற்றி முடிக்கிற நேரத்தில் உங்கள் எண் எங்கே நிற்கும் என்று அதில் தெரியும்.

படி 4: டைவ் நாள், படகில்

தண்ணீரில் இறங்கும்போது சுகர் 150 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், நிலையாகவோ ஏறுமுகமாகவோ இருக்க வேண்டும். 300ஐத் தாண்டினாலும் இறங்கக் கூடாது. 60 நிமிடம் முன், 30 நிமிடம் முன், இறங்குவதற்குச் சற்று முன் என்று மூன்று சோதனை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிவதுதான் முக்கியம். 210, 180, 155 என்று வந்தால் கடைசி எண் 150க்கு மேலேதான் இருக்கிறது, ஆனாலும் இறங்கக் கூடாது, ஏனென்றால் அது விழுந்துகொண்டிருக்கிறது. 145, 155, 165 என்றால் போகலாம். நிறையப் பேர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் குதிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இன்சுலின் போடும் 40 டைவர்களின் 555 டைவ்களை ஆராய்ந்தபோது, 7 சதவீத டைவ்களில் மேலே வந்ததும் சுகர் 70க்குக் கீழே இருந்தது, ஆனால் யாருக்கும் அறிகுறி வந்ததாகப் பதிவாகவில்லை. இதைச் சொல்லி நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அறிகுறியே இல்லாமல் 70க்குக் கீழே போகிறது என்பதுதான் எனக்கு அதில் பெரிய செய்தி.

தலைவருக்கு இங்கே கூடுதல் சிக்கல் இருக்கிறது. விருந்தினர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது டைவ் மாஸ்டர் சிலிண்டர் தூக்குகிறார். ஒரு அலுமினிய சிலிண்டர் 14 கிலோவுக்கு மேல் இருக்கும், வண்டியிலிருந்து படகுக்கு எட்டு சிலிண்டர் ஏற்றினால் அதுவே ஒரு உடற்பயிற்சி. அப்புறம் காலைச் சாப்பாடு தள்ளிப்போகும், படகு தாமதமாகும், யாருக்காவது மாஸ்க் சரியாக இருக்காது. இன்சுலின் போட்டு, சாப்பிட்டு, அலையில் வாந்தி எடுத்துவிட்டால் அதைவிட மோசமான நிலை கிடையாது, மருந்து உள்ளே இருக்கிறது, சாப்பாடு வெளியே போய்விட்டது. வாந்தி வந்த நாளில் நீங்கள் படகிலேயே இருங்கள்.

சில சின்ன விஷயங்கள். மாம்பழமோ குளுக்கோஸோ தொட்ட விரலில் குத்திப் பார்த்தால் எண் பொய்யாக மேலே காட்டும், கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும், படகில் அதற்கென்று நல்ல தண்ணீர் பாட்டில் ஒன்று தனியாக இருக்கட்டும். கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள், அது ரத்தத்தின் அளவைச் சில நிமிடம் தாமதமாகத்தான் காட்டும் என்பதை மறக்கக் கூடாது. அம்புக்குறி திசை காட்ட நன்றாக உதவும், இறங்குவதற்கு முந்தைய கடைசி எண்ணுக்கு விரலையே நம்புங்கள். தண்ணீருக்குள் சென்சாரின் சிக்னல் போனுக்கு வராது. இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டியிருக்கும், எவ்வளவு நேரம் கழற்றலாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை வெயிலில் வைக்காதீர்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் மண்பானைத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றும் மருந்தைப் படகின் மேல்தட்டில் விட்டுவிட்டால் அது மருந்தாகவே இருக்காது.

படி 5: தண்ணீருக்குள் இறங்கிவிட்டால்

மிதவைச் சட்டைப் பையில் குளுக்கோஸ் ஜெல் இரண்டு இருக்க வேண்டும், பல்லால் கடித்துத் திறக்கக்கூடியதாக. பவுடர் பயன்படாது. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் அவை மெதுவாகத்தான் ஏறும்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஆங்கில எல் எழுத்துப் போல விரித்துக் காட்டுவது லோ சுகருக்கான சைகை. அதைக் காட்டிவிட்டு எல்லாரும் சேர்ந்து மெதுவாக ஏற வேண்டும். கட்டாயமாக நின்று நின்று ஏற வேண்டிய டைவ் இல்லை என்பதால், முன்னெச்சரிக்கைக்காக வழியில் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்புக்கு நிற்க வேண்டியதில்லை, ஆனால் வேகமாக ஏறவும் கூடாது. மேலே வந்ததும் முதலில் சட்டையில் காற்றை நிரப்பி மிதக்க வேண்டும், அப்புறம் ஜெல், அப்புறம் படகு. அந்த டைவ் அன்றைக்கு அவ்வளவுதான். சுகர் சரியாகிவிட்டது என்று மறுபடி இறங்காதீர்கள்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சுகரை ஏற்றும் குளுகாகன் ஊசி படகில் இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்த இரண்டு பேர் படகில் இருக்க வேண்டும். இது எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குங்கள். தேதி முடிந்த கிட்டைத் தூக்கிப் போடாமல் படகோட்டிக்குக் கலக்கிக் காட்டிப் பழக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: தலைமையை ஒரே நாளில் வாங்காதீர்கள்

டைவ் மாஸ்டர் அட்டை கையில் வந்த மறுநாளே தனியாகக் குழுவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலில் கரையிலும் படகிலும் இருக்கிற தலைமையை எடுங்கள்: திட்டமிடுதல், யார் இறங்கினார்கள் யார் ஏறினார்கள் என்ற கணக்கு, ஆக்ஸிஜன் கிட், அலை பார்த்து முடிவு சொல்வது. இதைச் சின்ன வேலை என்று நினைப்பவருக்கு டைவிங்கே தெரியாது என்பேன். அடுத்து, அனுபவமுள்ள ஒருவர் முன்னால் போக நீங்கள் குழுவின் கடைசியில் வாருங்கள். அதற்கும் அப்புறம்தான் முன்னால் போவது, அப்போதும் சான்றிதழ் உள்ள இரண்டாவது தலைவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். விருந்தினரில் நன்றாக டைவ் செய்கிற ஒருவர் அந்த இடத்துக்குப் போதாது. நீங்கள் எல் காட்டினால் குழுவை வாங்கிக்கொள்ள ஒருவர், உங்களோடு மேலே வர ஒருவர் என்ற கணக்கு சரிவர வேண்டும். அந்த ஆள் வராத நாளில் நீங்கள் தலைவர் இல்லை.

இதை டைவ் சென்டர் உரிமையாளரோடு வேலையில் சேரும் முன்பே பேசிவிடுங்கள். "இறங்கும் முன் சுகர் சரியில்லை என்றால் நான் விலகிக்கொள்வேன், அன்றைக்கு வேறு ஆள் போகணும், அதுக்கு ஏற்பாடு இருக்குங்களா?" இருக்கிறது என்றால் சேருங்கள். இல்லை, எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்றால் அந்த இடம் உங்களுக்கு ஒத்துவராது. விலகுவதற்குக் காசு இழப்பு என்று வைத்துவிட்டால் 140ஐப் பார்த்து 150 என்று சொல்லத் தோன்றும். அதனால் அன்றைய சம்பளத்தை டைவோடு கட்டாமல் நாளோடு கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

விருந்தினரிடம் சொல்லவும் வேண்டும். நான் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்: "எனக்கு சுகர் இருக்குங்க, இன்சுலின் போடறேன். இப்ப பார்த்தேன், நல்லா இருக்கு. கீழ நான் இப்படிக் கை காட்டினா இந்தத் தம்பி பின்னாடி எல்லாரும் மெதுவா மேல போறோம், பதறாதீங்க." அரை நிமிடம்கூட ஆகாது. இதைக் கேட்டு யாராவது பயந்து விலகினால் விலகட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் அடிக்கடி நடப்பது வேறு. பேசி முடித்ததும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணா, எனக்கும் சுகர் மாத்திரை ஓடுது, ஃபார்ம்ல எழுதலைங்க" என்பார். அவரை அன்றைக்கு இறக்க முடியாது, டாக்டர் கையெழுத்து வேண்டும். ஆனால் நீங்கள் வாயைத் திறந்ததால்தான் அது வெளியே வந்தது.

ஒரு நாளைக்கு இரண்டு டைவுக்கு மேல் தலைமை வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவதில் சாப்பாட்டு நேரமும் மருந்து நேரமும் இரண்டும் குழம்பிவிடும்.

படி 7: திரும்பி வரும்போது மலை ஏறாதீர்கள்

டைவ் முடிந்து 12 முதல் 15 மணி நேரம் வரை சுகர் இறங்க வாய்ப்பு உண்டு. புதுச்சேரியிலிருந்து ராத்திரி பஸ் ஏறித் தூங்கிவிட்டால் அந்த நேரத்தில்தான் இறங்கும். பஸ்ஸில் கூட வருகிறவரிடம் சொல்லிவைத்து, நடுவில் ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். புதுச்சேரியில் விலை மலிவு என்று குடிப்பது வேண்டவே வேண்டாம், ஆல்கஹால் லோ சுகரை இன்னும் கூட்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது, வீட்டுக்கு வரலாம். ஏற்காட்டில் வீடோ எஸ்டேட் வேலையோ இருப்பவர் நேராக மேலே போகக் கூடாது, உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் டீகம்ப்ரஷன் நோய் வரலாம். 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரை உயரத்துக்குப் போவதும் விமானம் ஏறுவதும் ஒரே கணக்குதான்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கூட்டிப்போன விருந்தினர் "அப்படியே ஏற்காடு பார்த்துட்டுப் போறோம்" என்று கிளம்பினால் தடுத்துச் சொல்வது தலைவரின் வேலை.

டைவுக்கு அப்புறம் தலைசுற்றல், களைப்பு, தடுமாற்றம் வந்தால் முதலில் சுகர் பாருங்கள், குறைவாக இருந்தால் குளுக்கோஸ் கொடுங்கள். சுகர் ஏறியும் அறிகுறி போகவில்லை என்றால் ஆக்ஸிஜன் கொடுத்து, 108ஐக் கூப்பிட்டு, டீகம்ப்ரஷன் நோய் என்றே நினைத்து நடத்துங்கள். லோ சுகர் என்று சொல்லிக்கொண்டே நேரத்தைக் கடத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து.

படி 8: லாக் புக்கும் வருடாந்திரக் கணக்கும்

ஒவ்வொரு டைவுக்கும் ஆழம், நேரத்தோடு மூன்று முன் எண்கள், மேலே வந்ததும் ஒன்று, ராத்திரி ஒன்று, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை யூனிட் என்று எழுதுங்கள். இறங்காமல் விலகிய நாட்களையும் எழுதுங்கள், பெரும்பாலானோர் விட்டுவிடுவது அதைத்தான். வருடக் கடைசியில் அந்த லாக் புக்கோடு டாக்டரிடம் போங்கள். படி 1இல் சொன்ன தகுதி விதிகளில் ஒன்று உடைந்திருந்தால், உதாரணமாக மற்றொருவர் வந்து எழுப்ப வேண்டிய லோ சுகர் ஒருமுறை வந்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து 1 வருடம் தண்ணீருக்குள் இறங்குவது நிற்கும். கரையிலும் படகிலும் உள்ள தலைமை அப்போதும் உங்களுடையதுதான். உரிமையாளரிடம் அதையும் முன்பே பேசிவைத்திருந்தால் வேலை போகாது.